மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம் வேணும்னு முதல்ல யாருக்குத் தேவைப்பட்டுச்சு?

காகிதக்கப்பல்:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா பையன் பன்னெண்டாவது படிக்கிறான், ஸ்கூல்ல கலப்பெண்கள் பாடம் ஆரம்பிச்சிருக்காங்க. நேத்து நைட்டு நோட்டைத் தூக்கிட்டு வந்து, "இருபடிச் சமன்பாட்டுல ரூட்டுக்குள்ள மைனஸ் வந்தா மெய்யெண் தீர்வு இல்லைன்னு எழுதினா பத்தாவதுல முழு மார்க் போட்டாங்க சித்தி, இப்ப என்னடான்னா √−1ங்கறாங்க, அதைக் கூட்டு பெருக்கு வகுன்னு போய்ட்டே இருக்காங்க, இல்லாததை இருக்குன்னு வச்சுக்கிட்டா எதுக்கு வேணும்னாலும் விடை வந்துடுமே"ங்கறான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவன் வச்சிருக்கற கைடுல எண்ணின் வர்க்கம் கூட்டல் 1 சமம் 0ங்கறதைத் தீர்க்கத்தான் இது வந்துச்சுன்னு ஒத்தை வரி போட்டிருக்கு, அதைப் படிச்சுக் காட்டினா "அதைத் தீர்த்து யாருக்கு என்ன ஆகணும்"னு திருப்பிக் கேக்கறான், எனக்கும் அது நியாயமாத்தான் படுது.

அத்தனை நூற்றாண்டு இல்லை இல்லைன்னு சொல்லிட்டிருந்த ஆளுங்க ஏன் மனசு மாறினாங்க, எந்தக் கணக்குல போய் மாட்டினாங்க? கணித வரலாறு தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, அவனுக்கு அப்படியே படிச்சுக் காட்டறேன். நான் காமர்ஸ் படிச்சவ, ரொம்ப டெக்னிக்கலா போகாம சொன்னா நல்லது.

முக்கோணம்:

பையன் சரியான இடத்துல கை வச்சிருக்கான். அந்தக் கைடு வரி வரலாற்றுப்படி தப்பு. இருபடிச் சமன்பாட்டுக்காக யாரும் √−1 பக்கமே போகல, போக வேண்டிய அவசியமே வரல. இருபடிக் கணக்கை பாபிலோன்ல களிமண் பலகையில போட்டிருக்காங்க, பிரம்மகுப்தர் 628ல மைனஸ் எண்ணுக்கெல்லாம் விதி எழுதி இதைத் தீர்த்திருக்கார், பாக்தாத்ல அல்-குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டுல தனிப் புத்தகமே போட்டார். இவங்க யாருக்கும் ரூட்டுக்குள்ள மைனஸ் வந்தா அது பிரச்சினையே இல்ல, கேட்ட கேள்விக்கு விடை கிடையாதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அதே 9ஆம் நூற்றாண்டுல கன்னட தேசத்துல ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்துல இருந்த மகாவீராச்சாரியார் தன்னோட கணிதசாரசங்கிரகத்துல தெளிவா எழுதி வச்சிருக்கார், மைனஸ் எண் எதுவும் இன்னொண்ணோட வர்க்கமா இருக்க முடியாது, அதனால அதுக்கு வர்க்கமூலமும் இல்லைன்னு. கிராஃப் போட்டாலும் அதான் தெரியும், பரவளையம் அச்சைத் தொடாம மேலயே நின்னுடும், தொடாத இடத்துல போய் என்ன தேடறது.

மாட்டினது முப்படியில. அதாவது எண்ணோட கனம் வர்ற சமன்பாடு. இதுல ஓமர் கய்யாம் நிறைய பண்ணியிருக்கார், வளைகோடுகளை ஒண்ணை ஒண்ணு வெட்ட வச்சு விடையை நீளமா காட்டிட்டார், ஆனா எண்ணைப் போட்டா எண் வர்ற மாதிரி ஒரு சூத்திரம் அவருக்கும் கிடைக்கல. 1494ல வெனிஸ்ல லூகா பாச்சோலி அன்னைக்குத் தெரிஞ்ச கணக்கையெல்லாம் திரட்டி ஒரு பெரிய புத்தகம் போட்டப்பவும் முப்படிக்கு இதுவரை வழி இல்லைன்னுதான் எழுதினார். அதுக்கப்புறம் இருபது வருஷத்துல போலோனியா பல்கலைக்கழகத்துல சிப்பியோனே டெல் ஃபெர்ரோ ஒரு வகைக்கு வழி கண்டுபிடிச்சார். அந்த ஆளுங்க சண்டையெல்லாம் தனிக்கதை, வேற யாராவது சொல்லுங்க, நான் கணக்கை மட்டும் சொல்றேன், ஏன்னா பையன் கேட்ட கேள்விக்கு பதில் கணக்குக்குள்ளதான் இருக்கு.

இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கங்க. தெரியாத எண் 'க'ன்னு வச்சுப்போம்.

க³ = 15க + 4

இது ராஃபேல் பொம்பெல்லி 1572ல அச்சான தன்னோட அல்ஜீப்ரா புத்தகத்துல போட்ட கணக்கு. இதுக்கு விடை 4. போட்டுப் பாருங்க, 4 × 4 × 4 = 64, அந்தப் பக்கம் 60 + 4, அதுவும் 64. இதுல எந்த மர்மமும் இல்ல, விரல் விட்டு எண்ணற 4.

இப்ப இத்தாலிக்காரங்க வழியில போகலாம். 'க'வை ப + மன்னு ரெண்டா பிரிங்க. (ப + ம)வோட கனத்தை விரிச்சு அடுக்கினா 3பம(ப + ம) + ப³ + ம³னு வரும். இதை 15க + 4ஓட பக்கத்துல வச்சுப் பாருங்க, 3பம = 15, ப³ + ம³ = 4ன்னு ஆயிட்டா ரெண்டும் அப்படியே பொருந்திடும். அப்ப பம = 5, அதோட கனம் 125. ஆக நமக்கு வேண்டியது ரெண்டு எண், கூட்டினா 4, பெருக்கினா 125, அந்த ரெண்டோட கனமூலத்தையும் கூட்டினா 'க' கிடைச்சுடும். ரொம்ப அழகான யோசனை இது, முப்படியை இருபடியா இறக்கிட்டாங்க.

ஆனா கூட்டினா 4 வர்ற ரெண்டு எண்ணைப் பெருக்கினா அதிகபட்சம் என்ன வரும்? 2 × 2 = 4. அதுக்கு மேல வரவே வராது, 3 × 1 = 3, 5 × −1 = −5, எப்படிப் போட்டாலும் 4ஐத் தாண்டாது, நமக்கோ 125 வேணும். சூத்திரம் சொல்ற விடை 2 + √−121, 2 − √−121.

இருபடியில இந்த இடம் வந்தா "தீர்வு இல்லை"ன்னு கோடு போட்டுட்டு சாப்பிடப் போயிடலாம், ஆனா இங்க போக முடியாது, விடை 4ன்னு கண்ணு முன்னாடி உக்காந்திருக்கு! சூத்திரமும் தப்பில்ல, மத்த எத்தனையோ கணக்குல சரியா வேலை செய்யுது. உதாரணத்துக்கு அதே காலத்து இத்தாலிக்காரர் கார்டானோ போட்ட க³ + 6க = 20ல √108 வரும், மைனஸே எட்டிப் பாக்காம விடை 2ன்னு வந்துடும். அப்ப இந்த √−121ஐத் தூக்கிப் போடறதா, இல்ல இதுக்குள்ள போய் எங்கயோ அந்த 4 ஒளிஞ்சிருக்கான்னு தேடறதா?

பொம்பெல்லி உள்ள போனார். பெரிய தைரியம் அது. கூட்டினா 4 வரணும்னா, ரெண்டு கனமூலமும் ஒண்ணு 2 + ஏதோ, இன்னொண்ணு 2 − அதே ஏதோன்னு இருந்தாகணும்னு யூகிச்சு, 2 + √−1ஐ எடுத்து சாதாரண எண் மாதிரியே பெருக்கிப் பார்த்தார், √−1ஐ √−1ஆல பெருக்கினா −1ங்கற ஒரே விதியோட. வர்க்கம் எடுத்தா 4 + 4√−1 − 1, அதாவது 3 + 4√−1. இன்னொரு தடவை 2 + √−1ஆல பெருக்கினா 6 + 3√−1 + 8√−1 − 4, ஆக 2 + 11√−1. √−121ங்கறது 11√−1தானே! அச்சு அசலா வந்துடுச்சு. அப்ப ஒரு கனமூலம் 2 + √−1, இன்னொண்ணு 2 − √−1, கூட்டினா ரெண்டு √−1உம் அடிபட்டுப் போய் மிச்சம் 4.

தம்பிக்கு இதைச் சொல்லுங்க. இல்லாத விடையை இருக்குன்னு காட்டறதுக்காக √−1 வரல, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நிஜ விடைக்குப் போற வழியில குறுக்க வந்து நின்னுச்சு, அதைத் தாண்டாம அந்தச் சூத்திரத்துல 4க்குப் போக முடியல.

தூரல்:

முக்கோணம் சொன்னது அருமை. நான் டியூஷன் எடுக்கறேன், இந்தப் பாடத்தை எப்பவும் இந்த 15க + 4ல இருந்துதான் ஆரம்பிப்பேன். பையனை ஒரு கிராஃப் ஷீட்ல கனத்தோட வளைகோட்டைப் போடச் சொல்லுங்க, அதே ஷீட்ல 15க + 4ங்கற நேர்கோட்டையும் போடச் சொல்லுங்க, ரெண்டும் மூணு இடத்துல வெட்டும், 4ல ஒண்ணு, −2 + √3ல ஒண்ணு, −2 − √3ல ஒண்ணு. மூணுமே மெய்யெண். அவன் கையாலயே போட்ட கோடு வெட்டிக்கிட்டு நிக்கும்போது தீர்வு இல்லைன்னு சொல்ல அவனுக்கே வாய் வராது. அதுக்கப்புறம் சூத்திரத்தைப் போட விடுங்க, √−121 வரும்போது முகத்தைப் பாருங்க.

இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லலாம். பொம்பெல்லிக்கு 27 வருஷம் முன்னாடியே, 1545ல, கார்டானோ தன்னோட ஆர்ஸ் மாக்னா புத்தகத்துல 10ஐ ரெண்டா பிரி, பெருக்கினா 40 வரணும்னு ஒரு கணக்கு போட்டு, 5 + √−15, 5 − √−15ன்னு விடையும் எழுதி, பெருக்கி 40 வருதுன்னும் காட்டியிருக்கார். ஆனா எழுதின கையோட இது எவ்வளவு நுட்பமோ அவ்வளவு பிரயோஜனமில்லாததுன்னு சொல்லிட்டு விட்டுட்டார். ஏன் விட்டார்னு பாருங்க, அது இருபடிக் கணக்கு, விட்டுட்டுப் போனா ஒண்ணும் குடி முழுகாது. பையன் கேக்கற "அதைத் தீர்த்து யாருக்கு என்ன ஆகணும்" அங்க கார்டானோவே கேட்ட கேள்வி மாதிரிதான்.

அந்தக் காலத்துல இதை எழுதறதே எவ்வளவு கஷ்டம்னும் சொல்லுங்க. நாம போடற மாதிரி க³ = 15க + 4ன்னு யாரும் எழுதல, சமக்குறியே 1557ல இங்கிலாந்துல ராபர்ட் ரெக்கார்ட் புத்தகத்துலதான் முதல்ல வருது, இவங்க "கனமும் ஆறு பொருளும் இருபதுக்குச் சமம்"ங்கற மாதிரி வாக்கியமா எழுதித் தீர்த்தாங்க, மைனஸ் எண்ணைச் சமன்பாட்டுக்குள்ள விட மனசு வராததால கார்டானோ முப்படியை 13 வகையா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விதி எழுதினார். மைனஸுக்கே இந்தப் பாடு, இதுல மைனஸோட வர்க்கமூலம்னா எவ்வளவு உறுத்தியிருக்கும்!

காகிதக்கப்பல்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 2 + √−1ஐ நானே பேப்பர்ல பெருக்கிப் பார்த்தேன், 2 + 11√−1 வந்ததும் எனக்கே சிலிர்த்துடுச்சு. முக்கோணம் சார், ஆளுங்க சண்டைன்னு சொன்னீங்களே அது என்ன? கார்டானோ வேற ஒருத்தர்கிட்ட இருந்து சூத்திரத்தைத் திருடிட்டார்னு ஒரு வீடியோல பார்த்த ஞாபகம்.

நூலகப்புழு:

திருடினார்னு ஒரே வார்த்தையில முடிக்கறது எனக்கு நியாயமா படல, முழுசா சொல்றேன் நீங்களே பாருங்க.

டெல் ஃபெர்ரோ கண்டுபிடிச்சும் வெளிய சொல்லல. அன்னைக்கு இத்தாலியில கணக்கு வாத்தியார்கள் ஒருத்தரை ஒருத்தர் பொதுவுல சவாலுக்கு இழுப்பாங்க, ஜெயிச்சவருக்குப் பேரும் மாணவர்களும், தோத்தவருக்கு பொழப்பே போகும், அதனால மத்தவங்களுக்குத் தெரியாத ஒரு சூத்திரம் கையில இருந்தா அதைப் பூட்டித்தான் வைப்பாங்க. 1526ல சாகறதுக்கு முன்னாடி மாணவன் ஃபியோர்கிட்ட சொல்லிட்டுப் போனார், குறிப்பு நோட்டு மருமகன் ஹன்னிபாலே டெல்லா நாவேகிட்ட தங்கிடுச்சு.

ஃபியோர் இதை வச்சுக்கிட்டு 1535ல வெனிஸ்ல வாத்தியாரா இருந்த நிக்கோலோ தார்தாலியாவை சவாலுக்கு இழுத்தார். தார்தாலியா பாவப்பட்ட மனுஷன், 1512ல பிரெஞ்சுப் படை பிரெஷா ஊரைச் சூறையாடினப்ப சின்னப் பையன், வாள்வெட்டு முகத்துல விழுந்து தாடை பிளந்து பேச்சு திக்க ஆரம்பிச்சது, திக்குவாயன்னு அர்த்தம் வர்ற தார்தாலியாங்கற பட்டப்பேரே கடைசி வரைக்கும் நிலைச்சுடுச்சு. வசதி இல்ல, பெரும்பாலும் தானா படிச்சு வந்தவர். ஆளுக்கு 30 கணக்கு, தோத்தவர் ஜெயிச்சவருக்கு 30 விருந்து வைக்கணும்னு பந்தயம். ஃபியோர் குடுத்த 30மே ஒரே வகை முப்படிதான், அவருக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். தார்தாலியா பலவிதமா குடுத்தார். பிப்ரவரி 12 போய் 13 பிறக்கற ராத்திரி தார்தாலியாவுக்கு வழி பிடிபட்டுச்சு, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள 30ஐயும் முடிச்சுட்டார். விருந்து வேண்டாம்னுட்டார், ஜெயிச்சதே போதும்னு.

கார்டானோ மிலான்ல டாக்டர், ஜோசியம் சூதாட்டம் கணக்குன்னு எல்லாத்துலயும் கை வச்ச ஆளு. சூத்திரத்தைச் சொல்லச் சொல்லி தார்தாலியாவை நச்சரிச்சுட்டே இருந்தார், கடைசியில 1539 மார்ச்ல மிலான்ல தன் வீட்டுக்கே வரவழைச்சார். தார்தாலியா அதை ஒரு பாட்டா எழுதிக் குடுத்தார், வெளியிட மாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுத்தேன்னு அவர் சொல்றார். கார்டானோவோட சீடன் லொடோவிகோ ஃபெர்ராரி, நானும் அங்கதான் இருந்தேன், அப்படி ஒரு சத்தியமே நடக்கலங்கறார். ரெண்டு பேருமே பின்னாடி சண்டை முத்தினப்ப எழுதினது, அதனால யாரை நம்பறதுன்னு உறுதியா சொல்ல முடியாது.

கார்டானோ அதை வாங்கி வச்சுக்கிட்டு சும்மா இருக்கல, வர்க்கம் சேர்ந்து வர்ற முப்படியையும் எளிய வடிவத்துக்குக் கொண்டு வந்து எல்லா வகைக்கும் விதி எழுதி ஒவ்வொண்ணையும் வடிவியல்ல நிரூபிச்சார். ஃபெர்ராரி, 14 வயசுல அந்த வீட்டுக்கு வேலைக்காரனா வந்த பையன், நாற்படிக்கே வழி கண்டுபிடிச்சுட்டான், ஆனா அது முப்படியை நம்பி நிக்குது, முப்படியைச் சொல்லாம நாற்படியை வெளியிட முடியாது. 1543ல ரெண்டு பேரும் போலோனியா போய் டெல்லா நாவேகிட்ட அந்தப் பழைய நோட்டைப் பார்த்தாங்க, டெல் ஃபெர்ரோ கையெழுத்துல அதே சூத்திரம்! அப்ப தார்தாலியாவுக்கு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார், அவரோடதை வெளியிட யார் தடுக்க முடியும்னு 1545ல நூரம்பெர்க்ல அச்சடிச்சாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கோப்பர்னிகஸ் புத்தகத்தை அடிச்ச அதே பெட்ரெயுஸ் அச்சகத்துல. புத்தகத்துல டெல் ஃபெர்ரோ பேரும் இருக்கு, தார்தாலியா பேரும் இருக்கு, தன்னோடதுன்னு கார்டானோ எங்கயும் சொல்லல.

தார்தாலியா கொதிச்சுப் போய் அடுத்த வருஷமே தன்னோட புத்தகத்துல திட்டித் தீர்த்தார், ஃபெர்ராரி பதிலுக்கு நோட்டீஸ் அடிச்சு ஊர் ஊரா அனுப்ப, 1548 ஆகஸ்ட் 10 மிலான்ல நேருக்கு நேர் மோதினாங்க. தார்தாலியா பாதியிலயே ஊரை விட்டுக் கிளம்பிட்டார். என்னைக் கேட்டா கார்டானோ மேல ஒரு குறை சொல்லலாம், அச்சடிக்கறதுக்கு முன்னாடி தார்தாலியாவுக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். ஆனா அவர் அச்சடிக்கலன்னா பொம்பெல்லி கைக்கு இது வந்திருக்குமா? பொம்பெல்லி பல்கலைக்கழகத்துப் பக்கமே போகாத ஆளு, கியானா பள்ளத்தாக்குல சதுப்பு நிலத்துத் தண்ணியை வடிக்கற இன்ஜினியர், அந்த வேலை நடுவுல நின்னு போன காலத்துலதான் அல்ஜீப்ரா புத்தகத்தையே எழுத ஆரம்பிச்சார். பூட்டி வச்ச சூத்திரம் அந்த மாதிரி ஒருத்தருக்கு எங்க போய்ச் சேரும்?

முக்கோணம்:

நூலகப்புழு, அருமையா சொன்னீங்க. ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். பொம்பெல்லி பெருக்கிக் காட்டினதும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு தம்பி நினைச்சுடக் கூடாது. பொம்பெல்லியே இது வெறும் வார்த்தை ஜாலமாத்தான் ரொம்ப நாள் தோணுச்சுன்னு எழுதியிருக்கார். டெகார்ட் 1637ல கற்பனைன்னு பேர் வச்சார், ஆய்லர் அதை வச்சு என்னென்னமோ சாதிச்சார், ஆனா அது எங்க இருக்குன்னு கேட்டா காட்ட யார்கிட்டயும் இடம் இல்ல. 1797ல காஸ்பர் வெஸ்ஸல்னு ஒரு நில அளவையாளர், நார்வேயில பிறந்து டென்மார்க்ல வேலை பார்த்தவர், ஒரு கட்டுரை வாசிச்சார். எண்கோட்டுல −1ஆல பெருக்கினா அம்பு 180 டிகிரி திரும்புது, அப்ப √−1ஆல பெருக்கறதுன்னா அதுல பாதி, 90 டிகிரி திரும்பறது, ரெண்டு தடவை திரும்பினா −1, முடிஞ்சது. அந்த டேனிஷ் கட்டுரையை யாரும் கண்டுக்கல, 1806ல பாரிஸ்ல ஆர்கண்ட் தனியா அதையே சொன்னார், 1831ல காஸ் சொன்னப்புறம்தான் உலகமே ஏத்துக்கிச்சு. பொம்பெல்லியில இருந்து கணக்குப் போட்டா 259 வருஷம். தம்பிக்கு ஒரு ராத்திரி சந்தேகம் வந்ததுல ஆச்சரியமே இல்ல.

காகிதக்கப்பல்:

எல்லாத்தையும் அவனுக்குப் படிச்சுக் காட்டினேன், கிராஃபும் போட்டான். இப்ப புதுசா ஒண்ணு கேக்கறான். "4ஐத் தேடித்தானே சித்தி உள்ள போனாங்க, விடை மெய்யெண்ணுன்னா மைனஸ் ரூட்டைத் தொடாமலே போற வேற ஒரு சூத்திரம் இருக்கலாம்ல, அவங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாம்ல"ங்கறான். இதுக்கு யாராவது?

தூரல்:

கெட்டிக்காரப் பையன், கார்டானோவே இதுல ரொம்ப நாள் மண்டையை உடைச்சுக்கிட்டார். 15க + 4க்கு 4ன்னு முழு எண்ணே விடையா இருக்கறதால போட்டுப் பார்த்தே பிடிச்சுடலாம், அதனால அவனுக்கு வேற ஒண்ணு குடுங்க, க³ = 3க + 1. இதுக்கும் மூணு விடையும் மெய்யெண்தான், ஆனா ஒண்ணு கூட முழு எண்ணும் இல்ல பின்னமும் இல்ல, பெரியது கிட்டத்தட்ட 1.879. கோணவியல் வழியா போனா மைனஸ் ரூட்டைத் தொடாம போயிடலாம், பிரான்ஸ்ல வியெட் அந்த வழியைக் காட்டினார், அதுல இந்த விடை 20 டிகிரியோட கொசைனை ரெண்டால பெருக்கினது, அவ்வளவுதான். ஆனா கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல், அப்புறம் மெய்யெண்ணாவே இருக்கற வர்க்கமூலம் கனமூலம் மாதிரி மூலங்கள், இதை மட்டும் வச்சு இந்த விடையை எழுதணும்னா முடியவே முடியாது. அவங்களுக்குத் தெரியாம போன வழி இல்ல, அப்படி ஒரு வழி இருக்கவே முடியாதுன்னு 1843ல பியர் வான்செல் நிரூபிச்சுட்டார். நடுவுல மைனஸ் எண்ணோட வர்க்கமூலம் வந்தே தீரும்.

அதே வான்செல்தான் 1837ல, ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு 60 டிகிரியை மூணு சமபங்கா வெட்ட முடியாதுன்னும் நிரூபிச்சவர், அதுக்கு அடியில இருக்கறதும் இதே க³ = 3க + 1தான். பையனுக்கு நேரம் இருந்தா 20 டிகிரி கொசைனை கால்குலேட்டர்ல எடுத்து, ரெண்டால பெருக்கி, கனம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் 6.638 வரணும்.